ஸ்லைடு பின் கட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூர்ப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதாவதொரு வாசலில் வண்டி ஒன்று சென்டர் ஸ்டாண்டில் நிற்கும். பக்கத்தில் சோப்புத் தண்ணீர் வாளி, பழைய டூத் பிரஷ், ஒரு பிடி பனியன் வேஸ்ட். டிஸ்க் பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் வண்டிக்காரரின் கண் முதலில் எங்கே போகிறது என்று நின்று பார்ப்பேன். பிஸ்டனுக்குப் போனால் சரி, நல்ல மனிதர்தான், ஆனால் எதிர்க்கட்சி. நான் ஸ்லைடு பின் கட்சி.

பிஸ்டன்காரர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் அந்தச் சதுர வெட்டு ரப்பர் வளையம் சாமானியமானதா? லிவரைப் பிடித்தால் பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும்; விட்டால் நிமிரும், நிமிரும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த ரப்பரைப் போய் மண்ணெண்ணெயில் கழுவுகிறவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போகும். பிறகு பிரேக் பிடிக்கும், விடாது. பிரேக் கிளீனர் வாங்கக் கையில் காசில்லையென்றால் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலிய வாடையே அந்தப் பக்கம் வரக்கூடாது.

ஆனால் பிஸ்டன் அழுக்கு கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. துடைத்தால் பளபளக்கும், போட்டோ எடுக்கலாம். ஸ்லைடு பின் அப்படியல்ல. 'பூட்டு' என்கிற ரப்பர் உறைக்குள் ஒளிந்துகொண்டு, வருஷக்கணக்கில் யாரும் எட்டிப்பார்க்காமல், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பருக்கு இரண்டு பக்கமும் பிடிக்கிற வித்தையைச் சொல்லிக்கொடுப்பது அதுதான். அது இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் ஒற்றையாளாகத் தேயும். இது இன்று நேற்றுச் சங்கதியும் இல்லை. பெருமளவில் தயாரான பைக்குகளில் முன்சக்கர டிஸ்க்கைப் பிரபலமாக்கிய ஹோண்டா சிபி 750, 1969-ல் வந்தபோதே அதன் காலிப்பர் பின்னுக்குப் பதிலாக ஒரு கீல்மேல்தான் அசைந்தது. அந்தக் கீலில் கிரீஸ் காய்ந்து இறுகிக்கொள்வதுதான் பழைய சிபி வைத்திருப்பவர்களின் தீராத தலைவலி. பிஸ்டன் கட்சியினர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

என்னை இந்தக் கட்சியில் சேர்த்தவர் மேல்வீட்டு அண்ணன். லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று 1960-களில் பாடியில் வரிசையாக வந்த ஆலைகள் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பேச்சையே மாற்றிவிட்டன. சோற்றைப் பிசைந்துகொண்டே டாலரன்ஸ் பற்றிப் பேசுவார்கள். அண்ணனும் அந்தப் பக்கம் ஷிப்ட் பார்த்தவர். என் பல்சரின் பிஸ்டனை நான் அரைமணி நேரம் தேய்த்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தபோது, "அதை விடு தம்பி, ரெண்டு பேடையும் எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாரு" என்றார். ஒன்று பாதி இருந்தது. இன்னொன்றில் இரும்பு தெரிந்தது.

அன்றைக்குப் பின்னை உருவ அவர் சுத்தியலைத் தொடவில்லை. காலிப்பரைக் கையில் பிடித்து இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு, குழந்தை கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்குகிற மாதிரி. வெளியே வந்த கிரீஸ் நாள்பட்ட புளி நிறத்தில் இருந்தது. பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பூட்டுக்குள் பிரஷ் விட்டுக் கழுவி, காயவைத்து, பின்மேல் சிலிக்கான் கிரீஸை விரலால் மெழுகினார். மெழுகினார் என்றுதான் சொல்ல வேண்டும்; அப்பவில்லை. நிறையத் திணித்தால் உள்ளே காற்று அடைபட்டுக்கொண்டு பின்னையே வெளியே தள்ளும். மெதுவாக உள்ளே விடும்போது பூட்டு லேசாக உப்பியது. அதன் உதட்டை நகத்தால் நெம்பினார். ஃபுஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு. அதற்கப்புறம் ஒரு விரலால் தள்ளினாலே காலிப்பர் போய் வந்தது. இன்றைக்கும் காலிப்பர் கழற்றுவது எனக்கு அந்த மூச்சுக்காகத்தான். மற்றதெல்லாம், பேடை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுப்பது, பிஸ்டனைச் சுத்தம் செய்த பிறகே உள்ளே தள்ளுவது, மேலே பிரேக் ஆயில் பொங்கி டேங்க் பெயிண்ட்டைத் தின்னாமல் பார்ப்பது, கிளம்பும் முன் லிவரை நாலு தடவை அமுக்குவது, உங்களுக்குத் தெரியாததா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் எஸ்டேட்டையும் கொரட்டூரையும் முக்கிவிட்டுப் போனபோது எஞ்சினுக்கு அழுதவர்களைப் பார்த்தேன், சீட்டைக் காயவைத்தவர்களைப் பார்த்தேன். பூட்டுக்குள் புகுந்த சேற்றைப் பற்றி ஒருவர் கவலைப்பட்டதாக நினைவில்லை. மெட்ரோ வேலைப் புழுதி தனிக்கதை. பிரஷர் வாட்டர் அடித்து "பிரேக் சர்வீஸ்" என்று பில் போடுகிற கடைகள் பெருகிவிட்டன. பின்னைப் பற்றிக் கேட்டால் "அசெம்பிளியையே மாத்திடலாம் சார்." கொட்டைப்பாக்கு அளவு ரப்பர் பூட்டு ஒன்றுக்காக நான் உதிரிபாகங்கள் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மத்தியானம் முழுக்க ஏறி இறங்கியிருக்கிறேன். "செட்டாத்தான் வரும்" என்பதைத் தவிர அந்தத் தெருவுக்கு வேறு வசனம் மறந்துவிட்டது.

போன மாதம் ஆவடி நண்பர் வந்தார். காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, உருளைக்கிழங்கு போண்டாவுக்குச் சட்னி ஊற்றின மாதிரி ஜொலிக்கவைத்திருந்தார். தள்ளினால் வண்டி நகரவில்லை. சி.டி.எச். ரோடு முழுக்க முன்சக்கரத்தை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்; டிஸ்க்கைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறவிட்டு, கழற்றி, பின்னை உருவி, கழுவி, மெழுகி, அந்த மூச்சை அவர் காதருகேயே விடவைத்தேன். சக்கரத்தைச் சுற்றினேன், நிற்காமல் ஓடியது. நண்பர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பின்னுக்கும் சிவப்பு அடிக்கலாமா?" என்றார்.