வானியல் நூல்களும் ‘நிறை’ என்னும் சொல்லும்

பொதுமக்கட்கென எழுதப்பெறும் வானியல் நூலுக்குக் கடன்கள் இரண்டு உள. வானத்தின் பெருமையை உணர்த்தி வியப்பை எழுப்புதல் ஒன்று. அப்பெருமையை மனிதர் எவ்வாறு அளந்தறிந்தனர் என விளக்குதல் மற்றொன்று. முன்னதை நிறைவேற்றும் நூல்கள் பல. பின்னதை நிறைவேற்றுவன சிலவே.

கணிதம் பயிலாதாரையும் கருதி எழுதப்படுதலின் இந்நூல்கள் சமன்பாடுகளை விலக்குகின்றன. 1988ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹோக்கிங் வெளியிட்ட காலத்தின் வரலாறு பற்றிய நூலில் ஐன்ஸ்டைனின் சமன்பாடு ஒன்றே இடம்பெற்றது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் எனத் தமக்குக் கூறப்பட்டதை அவரே எழுதியுள்ளார். சமன்பாடு விலகிய இடத்திற் சொல்லே அதன் சுமையைத் தாங்குகின்றது. எனவே சொல் தடுமாறின் பொருளும் தடுமாறும்.

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளிலுள்ள தோட்டப் பாடசாலை மாணவர் இத்தடுமாற்றத்துக்கு எளிதில் ஆளாவர். இலங்கைப் பாடநூல்களில், ஒரு பொருளில் அடங்கிய சடத்தின் அளவு ‘திணிவு’. அதனைப் புவி ஈர்க்கும் விசை ‘நிறை’. தமிழ்நாட்டு நூல்களிலோ முன்னது ‘நிறை’, பின்னது ‘எடை’. பெ. நா. அப்புசாமி போன்றோர் வளர்த்த தமிழ் அறிவியல் எழுத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தே வருவதாகும்.

கொழுந்து மடுவத்தில் விற்றராசு 18 கிலோகிராம் எனக் காட்டும் கொழுந்தைச் சந்திரனுக்குக் கொண்டுசெல்வதாகக் கொள்வோம். அங்கே அத்தராசு ஏறத்தாழ 3 கிலோகிராமே காட்டும். ஆயினும் கூடையில் ஓர் இலையும் குறைந்திலது. ‘சந்திரனில் நிறை மாறாது’ என்று தமிழ்நாட்டு நூல் கூறும். ‘மாறும்’ என்று இலங்கைப் பாடநூல் கூறும். இரண்டும் உண்மையே, எனினும் இரண்டையும் ஒருங்கு படிக்கும் மாணவன் தன் அறிவையே ஐயுறுவான்.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஆராய்ச்சியை விளக்கும் பகுதியில் இடர் இன்னும் பெரிது. 1930இல், தம் பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றபோது அவர் தொடங்கிய கணிப்பின் முடிவு, வெண்குள்ளன் எனப்படும் விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குத் திணிவுக்கு மேற்பட்டு நிலைத்திருக்க இயலாது என்பதாகும். 1935இல் எடிங்டன் அதனை வன்மையாக எதிர்த்தார்; 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வரலாற்றில் திணிவை ‘நிறை’ என்று எழுதினால், சூரியனை எந்நிலத்தில் வைத்து நிறுத்தனர் என்று மலைநாட்டு மாணவன் வினவுதல் இயல்பே. கதை அவனுக்கு எட்டும். கதையின் உயிரான நியாயம் எட்டாது.

எவ்வழக்குச் சிறந்தது எனில், ‘நிறு’ என்னும் வினையோடும் ‘நிறைகோல்’ என்னும் பழஞ்சொல்லோடும் இலங்கை வழக்கு இயைகின்றது. ஆயினும் பல தலைமுறையினர் பயின்ற தமிழ்நாட்டு வழக்கைக் கைவிடுமாறு கோருதல் முறையன்று. சக்தி–ஆற்றல், ஆர்முடுகல்–முடுக்கம் என்பனவும் அவ்வாறே இருகரைகளிலும் வேரூன்றிவிட்டன. வேண்டுவது, நூலாசிரியர் கலைச்சொல்லை முதலில் ஆளுமிடத்தில் அதன் பொருளை வரையறுத்தலும், இருவழக்குச் சொற்களையும் ஒரு பக்கத்தில் இணைத்தலுமே.

பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பெற்றது. லயத்துச் சிறுவனுக்குப் பல்கலைக்கழகம் அண்மையில் வந்திருக்கும் இக்காலத்தில், அதற்குரிய அறிவை ஒரு சொல் மறைத்து நிற்றல் ஆகாது. வானியல் நூலை மதிப்பிடுவோர் அதன் வியப்பையன்றி அதன் சொற்றெளிவையும் அளந்து காண்பாராக.