கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு

மும்பையின் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப் 1915இல் தொடங்கியது. கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வேயின் பெட்டிகளையும் வேகன்களையும் பழுதுபார்க்கும் இடம். அந்த ஆண்டு அங்கே ஒரு தச்சரின் கட்டைவிரலை ரம்பம் எடுத்திருந்தால், நஷ்டஈடு கேட்டு அவர் சிவில் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். முதலாளி தரப்பின் கவனக்குறைவை நிரூபித்திருக்க வேண்டும். 1924 ஜூலைக்குப் பிறகு அதே விரல் போயிருந்தால் அந்த நிரூபணம் வேண்டாம். வேலையின்போது, வேலையின் விளைவாக விபத்து நேர்ந்தது என்றாலே முதலாளி பொறுப்பு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செய்த வேலை இது. அதற்குப் பின்னால் ஐரோப்பாவின் நெடிய தத்துவ வழக்கு ஒன்று இருக்கிறது.

பிறருக்குக் கெடுதல் செய்தவன் அதை ஈடுகட்டாமல் பாவமன்னிப்பு இல்லை என்றது கத்தோலிக்க இறையியல். 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் அதை இயற்கை நீதியாக்கினார்: பிழையால் தீங்கு செய்தவன் ஈடுசெய்யக் கடன்பட்டவன். 1804இல் நெப்போலியனின் சிவில் சட்டத் தொகுப்பு, 1382ஆம் பிரிவில், அதையே குடிமக்கள் எல்லோருக்குமான விதியாக்கியது. உயர்ந்த கருத்துதான். ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு: பிழை இல்லையென்றால் கடனும் இல்லை. சுதந்திரத் தொழில்முனைவை நம்பிய நூற்றாண்டுக்கு இந்த மறுபக்கமே மிகவும் பிடித்துப்போயிற்று.

1837இல் இங்கிலாந்தில் கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் வண்டி, பாரம் தாங்காமல் உடைந்து, வேலையாளின் தொடை எலும்பு முறிந்தது. ஆபத்தென்றால் அவன் அந்த வேலையை மறுத்திருக்கலாமே என்றார் நீதிபதி அபிங்கர். பட்டினிக்கும் வண்டிக்கும் நடுவே நிற்பவனுக்கு என்ன மறுப்புரிமை? இந்தத் தீர்ப்பிலிருந்து கிளைத்ததுதான், உடன் வேலை செய்பவனின் தவறுக்கு முதலாளி பொறுப்பல்ல என்ற வாதம். இந்தியாவில் அதற்குக் கடிவாளம் போட 1938இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது.

பிழை இல்லையென்றால் கடனும் இல்லை என்ற தத்துவத்தைத் தோற்கடித்தது இயந்திரம். ரயில் நடத்துபவர் பிழை செய்யாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரஷ்யா 1838லேயே சட்டம் செய்தது. ஜெர்மனியின் பிஸ்மார்க், சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைக்கும் கணக்கோடு, 1884இல் விபத்துக் காப்பீடு கொண்டுவந்தார். பிரான்ஸில் இழுவைக்கப்பல் ஒன்றின் கொதிகலன் வெடித்து இறந்தவரின் வழக்கில், 1896இல் உயர்நிலை நீதிமன்றம், பொருளைத் தன் வசம் வைத்திருப்பவரையே பொறுப்பாக்கியது. ஆபத்தால் லாபம் பெறுபவரே அதன் சுமையையும் தாங்கவேண்டும் என்று பிரெஞ்சுச் சட்ட அறிஞர்கள் சலேயும் ஜோஸ்ராங்கும் எழுதினார்கள். 1898இல் அது பிரெஞ்சுத் தொழிலாளர் விபத்துச் சட்டமாயிற்று. ‘யார் குற்றம்?’ என்ற கேள்வி ‘யார் சுமப்பது?’ என்று மாறியதே இந்தத் துறையின் மிகப் பெரிய திருப்பம் என்பேன். நம் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தள்ளிக்கொண்டுபோனது: போபால் விஷவாயு விபத்துக்குப் பின், டெல்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில், அபாயத் தொழிலுக்குப் பொறுப்பிலிருந்து எந்த விலக்கும் கிடையாது என்று தலைமை நீதிபதி பகவதியின் அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு வருவாய்த்திறன் இழப்பு என்று பின்னாளில் அச்சாகியிருக்கிறது. உடம்பைக் கூறுபோட்டு விலை வைப்பதுபோல அது என்னை உறுத்தும். ஆனாலும் கோர்ட்டில் கெஞ்சாமல் கிடைக்கும் உரிமையின் எழுத்து வடிவம் அது. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பிலிருந்து தாராவி நடைதூரம். அங்கே பிளாஸ்டிக் அரவை இயந்திரத்தில் கையைப் பறிகொடுப்பவரிடம் மஸ்டர் ரோலும் கிடையாது, சம்பளச் சீட்டும் கிடையாது. முதலாளியின் பிழையை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த ஆள் தன் முதலாளிதான் என்பதையே நிரூபிக்க வேண்டும்.