முகத்தில் தேடும் வருத்தம்

கொலை வழக்கில் ‘குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று நீதிபதி கேட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவு விதித்த கடமை இது. இன்றைய சட்டத்தில் 258(2). ஆண்டுக்கணக்கில் ‘நான் செய்யவில்லை’ என்று சாதித்தவர் அந்த நிமிடத்தில் என்ன சொல்வார்? அழுது மன்னிப்புக் கேட்டால் மேல்முறையீட்டில் அதுவே அவர் காலை வாரலாம். பேசாமல் நின்றால் ‘துளியும் வருத்தமில்லை’ என்று தீர்ப்பில் ஒரு வரி ஏறலாம். நிரபராதியாக இருந்துவிட்டால், அவர் எதற்கு வருந்துவது?

அதற்காக, வருத்தத்தைப் பார்க்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். செய்ததை ஒப்புக்கொள்ளும் ஒரு சொல், இறந்தவரின் வீட்டாருக்கு இழப்பீட்டுத் தொகையைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். மரண தண்டனைக்கு முன் திருந்தும் வாய்ப்பையும் மனக்கோளாறையும் எடைபோடச் சொன்ன பச்சன் சிங் தீர்ப்பு (1980) சரியான திசையைத்தான் காட்டியது. கோளாறு அளக்கும் முறையில். முகத்தையும் கண்ணீரையும் பார்த்து அளக்கிறோம்; மனநோய் பெரும்பாலும் கைவைப்பதோ அந்த முகத்தில்தான்.

மனச்சிதைவு உள்ள பலருக்கு உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மருந்தும் முகத்தை மரத்துப்போகச் செய்யும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரிக்கின்ஸ் என்பவர், தன் மனநிலை எப்படிப்பட்டது என்பதை ஜூரிகள் மருந்தில்லாமல் பார்க்கட்டும் என்று கேட்டார். விசாரணை நீதிமன்றம் மறுத்துவிட்டது. மெல்லரில் என்ற மனநோய் மருந்தை நாளுக்கு 800 மில்லிகிராம் உட்கொண்டபடியே விசாரணைக்கு வந்து, மரண தண்டனை பெற்றார். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்போது நீதிபதி கென்னடி தனியே எழுதிய கருத்தில், மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளி வருந்துகிறாரா என்ற கணிப்பே முடிவைத் தீர்மானிக்கலாம், மருந்து அந்தக் கணிப்பைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். தண்டனையைக் குறைக்க வேண்டிய நோயே ‘கல்நெஞ்சன்’ என்ற பெயரையும் வாங்கித் தருகிறது.

நம் உச்ச நீதிமன்றம் மனோஜ் வழக்கில் (2022) இதற்கு ஓரளவு மருந்து கண்டது. மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் மனநல மதிப்பீட்டையும் சிறை நடத்தை அறிக்கையையும் விசாரணை நீதிமன்றமே பெற வேண்டும் என்றது. ஒரு பிற்பகலின் முகபாவத்தைவிட இது எவ்வளவோ மேல். (நோயின் கூச்சலை ஒழுங்கீனம் என்று பதிவு செய்யும் சிறைக் காவலரை யார் திருத்துவது என்பது வேறு கதை.) 2019இல் ‘எக்ஸ்’ என்று மட்டும் குறிப்பிடப்பட்டவரின் வழக்கில், தீர்ப்புக்குப் பின் வந்த கடும் மனநோயும் தூக்கைத் தவிர்க்கக் காரணமாகலாம் என்று ஏற்றார்கள். ஆனால் தண்டனை எதற்கென்றே புரியாத அளவுக்கு நோய் முற்றியிருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் தூக்குமேடையைச் சுற்றியே நிற்கிறது. கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள். தூக்கு இல்லை என்றானபின் நீதிபதி குறைத்துக் கொடுக்க ஏதுமில்லை. கொலை முயற்சிக்கோ குறைந்தபட்சமே கிடையாது. சில மாதங்களும் விதிக்கலாம், பத்தாண்டும் விதிக்கலாம். எடைபோடுவதற்கு இடம் தாராளமாக இருக்கும் அந்த வழக்கில் மனநல அறிக்கை கட்டாயமில்லை.