மகளும் முடிவும்: ‘தி விட்சர் 3’ கணினி விளையாட்டில் தெரிவின் அறம்

போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹண்ட்’, ஆடுபவரின் தெரிவுகளுக்கேற்பக் கதை கிளைத்துச் செல்லும் கணினி விளையாட்டு வகையைச் சார்ந்தது. ஆன்ட்ஜெய் சப்கோவ்ஸ்கி எழுதிய போலிய மொழிப் புதினங்கள் முடிந்த இடத்திற்குப் பின் அதன் கதை தொடங்குகிறது. கூலிக்குக் கொடும் உயிர்களை வேட்டையாடித் திரியும் கெரால்ட், தன் வளர்ப்பு மகள் சிரில்லாவைத் தேடிச் செல்வதே கதையின் உயிர்நாடி. அம்மகளுக்கு நேரக்கூடிய முடிவுகள் மூன்று: அவள் மீளாமற் போகலாம், தந்தையைப் போலவே வேட்டைத் தொழிலை மேற்கொள்ளலாம், நில்ஃப்கார்ட் பேரரசின் அரியணையை ஏற்கச் செல்லலாம். இவற்றுள் ‘சிறந்த முடிவு’ எது, அதனை அடையும் வழி யாது என்பன ஆடுவோரிடையே ஓயாமல் எழும் வினாக்கள். முதல் வினாவைவிட இரண்டாம் வினாவே மிகுதியும் கேட்கப்படுவது நம் கவனத்திற்குரியது.

மகள் பிழைப்பதும் மறைவதும் பெரும்போர்களில் முடிவாவதில்லை. ஏறக்குறைய ஐந்து சிறு உரையாடல்களே அதனை முடிவு செய்கின்றன. கேர் மோரென் கோட்டைப் போரில் முதியவர் வெசமிர் இறந்தபின் துயரத்தில் அமர்ந்திருக்கும் மகளைப் பனிக்கட்டி எறிந்து விளையாட அழைக்கலாம். அல்லது எல்லாவற்றிலும் நீ சிறந்திருக்க வேண்டியதில்லை எனத் தேற்றி, அவளோடு அமர்ந்து குடிக்கலாம். அவளைப் பெற்ற தந்தையாகிய பேரரசர் எம்ஹிரிடம் அழைத்துச் சென்றால், அவர் தரும் பணத்தைப் பெறலாம், மறுக்கலாம். சூனியக்காரியர் அவைக்கு அவளைத் தனியே அனுப்பலாம், உடன் செல்லலாம். ஆசான் அவல்லாக் தன்னை ஆய்வுப் பொருளாகவே கருதினான் என்றெண்ணி அவள் கொதிக்கும்போது, அவனது ஆய்வுக்கூடத்தை அவள் உடைத்து நொறுக்க விடலாம், அமைதிப்படுத்தலாம். தன்னைக் காத்து, அதன் பயனாகவே இழிபெயருடன் மாண்ட ஸ்கியால் என்னும் இளைஞனின் புதைகுழிக்கு அவள் செல்ல விரும்பும்போது உடன் செல்லலாம், நேரமில்லை எனலாம். இவற்றுள் மகளுக்கு உரம் தந்தவை மிகுந்திருந்தால் அவள் பிழைப்பாள்.

இவற்றின் எடையை ஆடுபவர் அந்நேரத்தில் அறிய இயலாது. 2003இல் வெளிவந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’, 2007இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட்’ ஆகியவை நன்மை தீமைகளை அளவுகோலிட்டுத் திரையில் காட்டின. ஆடுபவர் தம் அறத்தின் உயரத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டே நடக்கலாம். விட்சர் அந்த அளவுகோலை மறைத்துவிட்டது. மறைத்ததே அன்றி நீக்கவில்லை. உள்ளே கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இவ்விளையாட்டின் வலிமையும் குறையும் இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

வலிமையை முதலில் நோக்கலாம். ஐந்து இடங்களிலும் நேர்மறையாகக் கொள்ளப்படுவது வீரமன்று, விட்டுக்கொடுத்தல். வாளேந்தி நூறு பேரை வீழ்த்தக்கூடிய ஒருவனிடம், வாசலுக்கு வெளியே நிற்கும்படி கதை கேட்கிறது. இவ்வகை விளையாட்டுகளில் ஆடுபவரின் ஆற்றல் நாழிகைக்கு நாழிகை வளரும். அந்த ஆற்றலைப் பயன்படுத்தாதிருத்தலே இங்குத் தேர்வாக வைக்கப்படுகிறது. நான் முதன்முறை ஆடியபோது மகளுடன் அவைக்குள் சென்றேன். சூழ்ச்சியில் கைதேர்ந்த சூனியக்காரியர் நடுவே ஓர் இளம்பெண்ணைத் தனியே விடுவது எந்தத் தந்தைக்கும் தகாது என்றே எண்ணினேன். ஆய்வுக்கூடத்திலும் அவளை அமைதிப்படுத்தினேன். இறுதியில் கெரால்ட் தனியனாய்ச் சதுப்புநிலக் குடிசையொன்றில், வெசமிரின் பதக்கத்தைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்க, கொடும் உயிர்கள் குடிசையைச் சூழ்ந்தன. காத்தேன் என்று எண்ணியவையெல்லாம் அவளை மெலிவித்தவை என அப்போது அறிந்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் நீங்கவில்லை.

எனினும் படைப்பாளரின் தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. எல்லாவற்றிலும் சிறந்திருக்க வேண்டியதில்லை என்னும் சொல் ஏன் எதிர்மறையாதல் வேண்டும்? பிள்ளையின் தோளிலிருந்து சுமையை இறக்கும் சொல்லாகவும் அதனைக் கொள்ளலாமே. பிறர் உடைமையை உடைக்க விடுதலை அன்பென ஒரு பண்பாடு கொள்ளும். கைவிடுதலென இன்னொன்று கொள்ளும். உடன் செல்லுதலைக் கடமையெனக் கருதும் குடும்பங்களில் வளர்ந்தோர்க்கு இக்கணக்கு அயன்மையானது. தன்னுரிமையை உயர்வாகக் கொள்ளும் ஒரு தந்தைமைக் கோட்பாடே பொதுவான அன்பின் இலக்கணமாக இங்குக் கணக்கிடப்பட்டுள்ளது. பேரரசரின் பணத்தை வாங்குவது மகளை விற்பதாகும் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமிராது.

வழிகாட்டிக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவோர் நிலை வேறு. அவர்க்குப் பனிக்கட்டி விளையாட்டு ஒரு மதிப்பெண். ஸ்கியாலின் புதைகுழி இன்னொன்று. மகளின் துயரத்திற்கு அவர் செவிகொடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றின் 134ஆம் பாடலில் ஆய் அண்டிரனைப் போற்றுகையில், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்கிறார். அவ்வணிகம் எத்தகையது என்பதைக் குறிப்பு பார்த்து ஆடுபவர் தம் கைகளாலேயே அறியலாம். திரையில் தோன்றும் முடிவு இருசாரார்க்கும் ஒன்றே. இயந்திரத்தால் வேறுபாடு காண இயலாது. இதற்காக ஆடுவோரைப் பழிப்பதும் முறையாகாது. நூறு மணி நேரத்தை எட்டக்கூடிய ஆட்டத்தின் பயன் ஐந்து சொற்களில் அழியும் என்றால், அச்சத்தால் குறிப்பைத் தேடுவது இயல்பே. கணக்கை வைத்தவர் படைப்பாளர். கணக்குப் பார்ப்பவரை மட்டும் குறைகூறலாமா?

இதே விளையாட்டில் இக்குறை இல்லாத பகுதியொன்றும் உண்டு. வெலென் நிலப்பகுதியை ஆளும் ‘குருதிப் பிரபு’ மனைவியை அடித்துத் துன்புறுத்தியவன். மனைவியும் மகள் தமாராவும் அவனை நீங்கிச் சென்றனர். மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியைக் கெரால்ட் விடுவித்தால் சதுப்புநிலத்து அனாதைக் குழந்தைகள் தப்புவர். ஆயின் ஓர் ஊரே அழியும், பிரபுவின் மனைவி இறப்பாள், அவனும் தூக்கிலிட்டுக்கொள்வான். ஆவியைக் கொன்றால் குழந்தைகளை இழப்போம். மனைவி அறிவு பிறழ்ந்த நிலையில் உயிர் வாழ்வாள், அவளைக் குணப்படுத்தப் பிரபு நெடும்பயணம் புறப்படுவான். இவற்றுள் எது சிறந்தது? குறிப்பு எழுதுவோரும் இங்கே தயங்குகின்றனர். இத்தயக்கமே அப்பகுதியின் கலைவெற்றி. கெட்ட தந்தையின் கதையில் துணிந்து விடைமறுத்த படைப்பாளர், நல்ல தந்தையின் கதையில் விடைத்தாளைத் திருத்த அமர்ந்துவிட்டனர்.

மகள் பிழைத்தபின் வரும் இரு முடிவுகளில் அத்துணிவு ஓரளவு மீள்கிறது. வேட்டைக்காரியாகும் முடிவில் அவள் இறந்தாளென எம்ஹிரிடம் பொய்யுரைத்த கெரால்ட், வைட் ஆர்ச்சர்ட் ஊரின் விடுதியில் அவளுக்கு வெள்ளி வாளைப் பரிசளிக்கிறான். இதனையே பலரும் சிறந்த முடிவென்பர். அரியணை முடிவிலோ இருவரும் இறுதியாக ஒருநாள் வேட்டையாடிப் பிரிகின்றனர். அம்முடிவிற்கு அவளை எம்ஹிரிடம் அழைத்துச் சென்றிருத்தலும், அரசன் ராடோவிட் கொல்லப்பட்டு நில்ஃப்கார்ட் போரில் வென்றிருத்தலும் வேண்டும். தந்தைக்கு இழப்பு, போரால் சிதைந்த வடநாடுகளுக்கு ஒருவேளை நல்லாட்சி. போவதும் அவளது விருப்பமே. விட்டுக்கொடுத்தலே அறமென்று கதை முழுதும் கற்பித்தபின், அவள் நம்மோடிருக்கும் முடிவை நாம் உயர்த்திப் பேசுவது முரணே. ஆறாவது முறையாக ஒரு தெரிவு நம்மிடம் கேட்கப்படுகிறது. இம்முறை அதற்கு மதிப்பெண் இல்லை.

உலகை உறையவைக்கும் வெண்பனியை எதிர்கொள்ளச் சிரில்லா கோபுரத்தினுள் தனியே நுழையும் வேளையில், அந்தச் சிறு தருணங்கள் அவள் நினைவில் மின்னி மறைகின்றன. கணக்கு முதன்முதலாக வெளிப்படுவது அங்கேதான். அதற்குள் நாம் மாற்றக்கூடியது எதுவுமில்லை.