உறங்குவதற்கேற்ற பழைய வண்டி: திருவனந்தபுரத்துச் சந்தையில் ஈக்கோவும் அதன் போட்டியாளர்களும்

முகாம் பயணத்தில் படுத்துறங்கப் பயன்படும் பழைய வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினின் திறனும் மைலேஜும் இரண்டாம் இடத்துக்குச் செல்ல வேண்டியவை. ஏனெனில், கடற்காற்றின் உப்பும் ஈரப்பதமும் ஆண்டு முழுதும் நிற்கும் திருவனந்தபுரம் போன்ற ஊரில், இரவு கழியுமா கழியாதா என்பதைத் தரையின் நீளமும், கண்ணாடி வழியே உள்ளே வரும் காற்றும், அடிப்பகுதியில் ஏறியுள்ள துருவுமே தீர்மானிக்கின்றன. இந்த அளவுகோலின்படி நகரத்துப் பழைய வண்டிச் சந்தையில் எளிதில் கிடைப்பவற்றை அளந்தால், மாருதியின் ஆம்னி, ஈக்கோ, எர்டிகா, டொயோட்டாவின் இன்னோவா ஆகிய நான்கும் முன்வரிசையில் நிற்கின்றன.

இவற்றுள் இன்னோவாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: 2005-இல் அறிமுகமான முதல் தலைமுறை வண்டியிலேயே மூன்றாம் வரிசை இருக்கைகள் பக்கவாட்டில் மடிந்து ஒதுங்கிவிடுவதால் இடம் தாராளம், ஆனால் பழையதாகியும் விலை இறங்க மறுக்கும் வண்டி என்பதால், சிக்கனத்தை நாடுபவர்க்கு அது எட்டாக்கனி. எர்டிகாவின் பின்னிரு வரிசைகளையும் மடித்துப் போடலாமாயினும், மடிந்த இருக்கைகளின் முதுகுகள் ஒரே சமமட்டத்தில் அமைவதில்லை. மேலே கனமான மெத்தை விரிக்காமல் படுத்தால் இடுப்பு நோவு உறுதி.

எனவே போட்டி ஆம்னிக்கும் ஈக்கோவுக்கும் இடையிலானதாகச் சுருங்குகிறது. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் 2019-இல் உற்பத்தி நின்ற ஆம்னி 3,370 மி.மீ. நீளமும் 796 சி.சி. எஞ்சினும் கொண்டது. அமிதாப் பச்சனும் அபிஷேக் பச்சனும் விளம்பரத்தில் தோன்றியும் விலைபோகாத மாருதி வெர்சா வேனின் உடற்கூட்டிலிருந்து 2010-இல் பிறந்த ஈக்கோவின் நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. ஏறத்தாழ ஓரடி கூடுதலான அந்த நீளம்தான் ஆறடி உயரமுள்ளவர் காலை நீட்டுவதற்கும் முழங்காலை மடக்கிக்கொண்டே விடியும்வரை கிடப்பதற்கும் உள்ள வேறுபாடாக அமைகிறது. எனினும் விளம்பரத் தாளில் உள்ள நீளம் வெளிப்புற அளவே ஆதலால், முன் இருக்கையை இயன்றவரை முன்னே தள்ளி, அதன் முதுகிலிருந்து பின்கதவு வரை டேப்பால் அளந்து, பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உண்மையாகவே படுத்துப் பார்த்தே விலை பேச வேண்டும். தரகர் சிரித்தால் சிரிக்கட்டும். பிற்காலத்தில் பொருத்தப்பட்ட எரிவாயு சிலிண்டர் பின்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தால் அந்த வண்டி இந்தப் பயன்பாட்டுக்கு உதவாது.

ஆம்னி, ஈக்கோ இரண்டிலும் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடி மலைச் சாலையில் ஏறி இறங்கிய எஞ்சினின் சூடு இருக்கை வழியே உள்ளே பரவி, வண்டி நின்ற பிறகும் நெடுநேரம் தங்குவதால், படுக்கும்போது தலையைப் பின்கதவுப் பக்கம் வைப்பதே தக்கது. (விடுதி முன்பதிவு இல்லாதவர்க்குப் பொன்முடியின் மேலே இரவுத் தங்கல் கிடையாது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.) ஈக்கோவின் பெருங்குறை பாதுகாப்பு: 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. முன்னிருவர்க்கும் காற்றுப்பை உள்ள அண்மைக்கால வண்டியைத் தேடுவதும், நெடுஞ்சாலையில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுமே வாங்குபவர் செய்யக்கூடியவை.

அடுத்து வருவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றத்தின் மாறான தீர்ப்பை ரத்து செய்து, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் இரு காணொலிப் பதிவர்களின் மாற்றியமைக்கப்பட்ட வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தபோது மலையாள நாடே இச்சட்டத்தைப் பற்றி விவாதித்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலை வெல்டிங் செய்வது, கூரையை வெட்டி ஜன்னல் வைப்பது போன்றவை அபராதத்தில் முடியக்கூடும். மடிக்கப்பட்ட இருக்கைகளின் மேல் இரவில் விரித்து, காலையில் எடுத்து ஒதுக்கக்கூடிய மூன்று துண்டு ப்ளைவுட் பலகை வெறும் சாமான் மட்டுமே. திரைச்சீலைக்கும் இதே நெறி பொருந்தும்: 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்ற பெயரில் கண்ணாடித் திரைகளுக்கு எதிராகக் கேரளத்தில் சோதனை நடந்தமையால், நிறுத்திய பிறகு மாட்டி, புறப்படுமுன் கழற்றும் துணியே ஏற்றது.

காற்றோட்டம் வசதி சார்ந்த செய்தி மட்டுமன்று. 2024 டிசம்பரில் வடகரை அருகே நின்றிருந்த கேரவனில் இருவர் இறந்து கிடந்ததற்கு, ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு, அதாவது எரிபொருள் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு, காரணமென்று கண்டறியப்பட்டது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் உறங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். ஈக்கோவின் பக்கக் கதவுகளில் தள்ளித் திறக்கும் கண்ணாடியை இருபுறமும் சிறிது திறந்து, கொசுவலையைக் காந்தப் பட்டையால் ஒட்டி, பன்னிரண்டு வோல்ட் விசிறி ஒன்றைச் சுழலவிட்டால் போதுமானது.

வண்டியைப் பார்வையிடும்போது முதலில் தொட வேண்டியது தள்ளுகதவின் கீழ்த் தடம். மணலும் மழைநீரும் தேங்கும் அந்தப் பள்ளத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவேறி, மேலே பட்டி பூசி மறைக்கப்பட்ட தகடு மந்தமாக ஒலித்து, சில வேளை உதிரவும் செய்யும். அடுத்துத் தரைவிரிப்பைத் தூக்கி ஜாக்கி வைக்கும் இடங்களையும், பாதுகாப்புப் பட்டையை முழுநீளமும் வெளியே இழுத்து அதன் கடைசி முழத்தையும் பார்க்க வேண்டும். அங்கே சேற்றுக்கறை தென்பட்டால், 2018 கேரளப் பெருவெள்ளத்திலோ 2023 சென்னை வெள்ளத்திலோ மூழ்கிய வண்டியாக அது இருக்கலாம். வெள்ளம் கண்ட வண்டியின் மின்கம்பிகள் ஓராண்டு கழித்துக்கூடப் பழுதாகத் தொடங்குவதால், விலை பாதியானாலும் விலகுவதே நன்று.

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் அதே வண்டி மலிவாகக் கிடைத்தாலும், தமிழ்நாட்டுப் பதிவைக் கேரளத்துக்கு மாற்றத் தடையில்லாச் சான்றும், கேரளத்துச் சாலை வரியும் தேவைப்படுவதால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக்கப்பட்டது. தகுதிச் சோதனைக்கான பழுதுபார்ப்பும் வரியும் தனி. ஆகவே விலையால் மட்டும் கவரும் 2009-க்கு முந்தைய ஆம்னியை விட, பதிவுக்காலம் இன்னும் ஐந்தாறு ஆண்டேனும் மீதமுள்ள, ஐந்து இருக்கை கொண்ட பெட்ரோல் ஈக்கோவே திருவனந்தபுரத்தவர்க்குப் பரிந்துரைக்கத் தக்கது. கடன் நிலுவையையும் அபராதங்களையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.