கையுறை அணிந்த கொலை

மன்னர் இல்லை, பிரபுப் பட்டம் இல்லை என்று மார்தட்டிய நாடு அமெரிக்கா. ஆனால், அந்நாட்டுச் செல்வச் சீமான்கள் ஒருவரை ஒழிக்கச் சட்டத்தைத் தேடியதில்லை. விருந்துக்கு அழைக்காமல் விட்டார்கள், போதும்! இந்த நாகரிகத் தண்டனையை ஊரறியச் செய்தவர், நியூயார்க் சீமான் குடும்பத்திலேயே 1862-இல் பிறந்த எடித் வார்ட்டன் அம்மையார்.

அவர் 1905-இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆப் மிர்த்' நாவலின் நாயகி லில்லி பார்ட். அழகுண்டு, அறிவுண்டு, பணமில்லை. சீமாட்டி பெர்த்தா, தன் கள்ளத்தனத்தை மறைக்க, லில்லியின்மீது பழி சுமத்துகிறாள். பெர்த்தாவின் குணம் ஊரறிந்தது. எனினும் வாய் திறப்பார் இல்லை. உண்மை ஒரு பக்கம், பணப்பெட்டி மறுபக்கம்! பெர்த்தாவின் கடிதங்கள் கையிலிருந்தும், மிரட்டிப் பிழைக்க மறுத்து அவற்றை நெருப்பிலிடுகிறாள் லில்லி. தொப்பி தைக்கும் கூலி வேலையையும் இழந்து, தூக்க மருந்து மிகுந்து மாள்கிறாள். எவர் கையிலும் குருதிக்கறை இல்லை. கையுறைகள் வெண்மையாகவே இருக்கின்றன!

1920-இல் வந்தது 'தி ஏஜ் ஆப் இன்னொசன்ஸ்'. 'கள்ளமறியாக் காலம்' என்பது பொருள். கேலி தலைப்பிலேயே தொடங்குகிறது. 1870-களின் நியூயார்க். கொடிய கணவனைப் பிரிந்து வந்த எல்லனைக் காதலிக்கிறான் ஆர்ச்சர். பெண்ணுக்கும் உரிமை வேண்டும் என்று பேசுபவன் அவன். குடும்ப கௌரவத்துக்காக அவள் மணவிலக்குக் கேட்பதைத் தடுப்பவனும் அவனே!

இந்நூலுக்கு 1921-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாவலுக்காக அதைப் பெற்ற முதல் பெண் வார்ட்டன். அமெரிக்க வாழ்வின் நலத்தையும் நன்னடத்தையையும் காட்டும் நூலுக்கென்று ஏற்பட்ட பரிசு அது! நடுவர்கள் தேர்ந்தது சின்க்ளேர் லூயிசின் 'மெயின் ஸ்ட்ரீட்'. மேலிடத்தார் அதை ஒதுக்கி, வார்ட்டனுக்கு அளித்தனர். குற்றப் பத்திரிகையை நற்சான்றிதழ் என்று நினைத்தனர் போலும்!

குறையும் கூறுவோம். இவ்விரு நூல்களிலும் உழைக்கும் மக்கள் ஓரத்தில் வந்து போகிறார்கள். சீமான்களின் செல்வம் எவர் வியர்வை என்ற கேள்வி உரக்க எழவில்லை.

ஆயினும், ஆர்ச்சரின் முடிவை நாம் மறக்க இயலாது. வயது ஐம்பத்தேழு. மனைவி மறைந்துவிட்டாள். பாரிசில் எல்லன் வீட்டு வாயிலில் நிற்கிறான். தடுப்பார் எவருமில்லை. எனினும் படியேறாமல் திரும்புகிறான். ஊரார் பூட்டிய விலங்கை, ஊரார் போன பின்னும் தானே சுமந்தான்!

அவன் அறியாமல் அடிமையானவன் அல்லன், அறிந்தே அடிமையானவன். தோழர்களே, நூல் பல படித்தும் படியேறத் தயங்குவோர்க்கு, இதைவிடக் கூரிய எச்சரிக்கை வேண்டுமோ?