மாவிசக்கி கொடுத்த விலை

சாவும் பிணமும் மந்திரமும் நிறைந்த நாவல் ஒன்றைப் பதினாறு வயதுப் பெண் கையில் வைத்திருந்தால், "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்விக்கு வலு கிடையாது. சீவலப்பேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சுடலைமாடன் சாமிக்குக் கொடை விழா நடக்கும்போது பிள்ளைகள் தாயின் மடியில் கிடந்தபடியே சாமம்வரை வில்லுப்பாட்டு கேட்கிறார்கள். அங்கே பாடப்படும் கதையின் இருட்டுக்குப் பக்கத்தில், இன்று இளையோருக்கென்று அச்சாகும் நாவல்கள் பலவும் வெளிச்சமாகத்தான் தெரியும். எனவே பிள்ளைகள் இருளைப் படிக்கலாமா என்பதை விட்டுவிடலாம். எந்த இருள் படிக்கத் தகுந்தது என்பதே ஆராய வேண்டிய கேள்வி.

சுடலைமாடன் கதை இப்படித் தொடங்குகிறது: பிள்ளை வரம் கேட்கிறாள் பார்வதி. விளக்குச் சுடரிலிருந்து அவள் முந்தானையில் விழுந்தது உருவமில்லாத பிண்டமாகக் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்கப்படுகிறது. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலில் பசி அடங்கவில்லை. இரவில் சுடுகாட்டுக்குப் போய் எரியும் பிணத்தைத் தின்கிறது. விஷயம் தெரிந்ததும் கயிலாயத்தில் அதற்கு இடமில்லாமல் போகிறது. வரங்களைக் கொடுத்துப் பூலோகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றவர்களே கண்டு அஞ்சும் பசியோடு பிறந்த பிள்ளை, அந்தப் பசிக்காகவே வெளியேற்றப்படுகிறது. தன் உடம்பும் ஆசையும் தனக்கே அந்நியமாகத் தெரியும் வயதில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

மேரி ஷெல்லி தன் பதினெட்டாவது வயதில் எழுதத் தொடங்கி 1818-ல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலும் ஏறக்குறைய இதே இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. உயிரற்றதற்கு உயிர் கொடுத்தவன், அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். அனாதையாக விடப்பட்டது பழிவாங்கத் திரும்பி வருகிறது. இந்த நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் புதுமைப்பித்தன், திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர். மாடன் கதை பாடப்படும் ஊரில் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பிரேதம் அந்நியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இரண்டு கதைகளும் பிரிவது விலை கொடுக்கும் இடத்தில். ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உயிர் ஒரு சிறுவனைக் கொல்கிறது. பழி ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண் மேல் விழுந்து அவளைத் தூக்கிலிடுகிறார்கள். உண்மை தெரிந்தும் ஃபிராங்கன்ஸ்டைன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நாவல் மன்னிக்கவே இல்லை. கடைசிப் பக்கம்வரை அது அவனைத் துரத்துகிறது. மாடன் கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள். மந்திரவாதி காளிப் புலையனின் மகள் மாவிசக்கி. மாடன் அவளைச் சூழ்ச்சியால் கெடுக்கிறான். பிறகு சூலியான அவளையே பலியாகக் கேட்கிறான். தகப்பன் கொடுக்கிறான். கதை இதை மறைக்கவில்லை என்பதைப் பெருமையாகவே சொல்ல வேண்டும். அண்ணாவி பாட, குடமும் உடுக்கும் ஒலிக்க, எல்லார் முன்னாலும் அது சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பலி சாமியின் வல்லமைக்குச் சான்றாகிறது. சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்ட குடும்பத்துப் பெண் விலை கொடுக்கிறாள், வாங்கியவனுக்குக் கொடை நடக்கிறது. வழிபாட்டுக்குள் இருப்பவர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கதையாக மட்டும் எடைபோட்டால், மாவிசக்கி என்ன நினைத்தாள் என்று கேட்க இந்தக் கதையில் இடமே இல்லை. இது பெரிய குறை.

கார்த் நிக்ஸ் 1995-ல் எழுதிய 'சேப்ரியல்' இளையோர் நாவல்களில் நான் உயர்வாக மதிப்பது. அதில் சாவு ஒன்பது வாசல்கள் கொண்ட ஓர் ஆறு. திரும்பி வரும் இறந்தவர்களை அந்த ஆற்றுக்கே அனுப்புவது பதினெட்டு வயதுப் பெண்ணின் பரம்பரை வேலையாகிறது. அவளுடைய கருவிகள் ஏழு மணிகள். வில்லில் கட்டிய மணி ஒலித்துச் சாமி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த வாசகருக்கு இது புதிய உலகமாகத் தோன்றாது. கடைசி மணிக்கு ஒரு விதி உண்டு: கேட்டவர் எல்லாரையும் அது சாவுக்குள் தள்ளும், அடித்தவரையும் சேர்த்துத்தான். வல்லமையைப் பயன்படுத்துபவரே விலையும் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியால் நாவல் நேர்மையாக நிற்கிறது. நடையில் அத்தனை ஆழமில்லை. காதல் பகுதி அவசரமானது. அவை அதன் எடையைப் பெரிதாகக் குறைக்கவில்லை.

தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. 1943-ல் வந்தது. தூக்கம் வராத எழுத்தாளன் வீட்டில் வேலைக்காரியாக நுழையும் பெண் பேயா, அவன் மனப்பிராந்தியா என்று கதை முடிவுகட்டுவதில்லை. உபதேசம் தன் வேலை இல்லை என்று எழுதியவரின் துணிச்சல் அதில் தெரிகிறது. ஆனால் அது நடுவயதுக்காரரின் பயம். இளையவர் அதை ரசிக்கலாம், தன்னை அதில் காண்பது கடினம். அவர்களுக்கென்றே எழுதப்படுபவை வேறு பக்கம் பார்க்கின்றன. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. கீழடிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் அந்த நாவலின் அக்கறையை மதிக்கிறேன். அது அறிவூட்டவே விரும்புகிறது, பயமுறுத்த வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: 'சேப்ரியல்' தயக்கமில்லாமல் கொடுக்கத் தக்கது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதைவிடக் கடினமானது, அதைவிட உயர்ந்தது. 'காஞ்சனை'யைச் சில வருடம் தள்ளிக் கொடுக்கலாம். மாடன் கதை தொடக்கத்தில் இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டு, மாவிசக்கியிடம் வரும்போது தோற்கிறது. அந்தத் தோல்வியைப் பலியை வெட்டி எடுத்துச் சரிசெய்ய முடியாது. அவள் பக்கத்திலிருந்து, தகப்பன் மந்திரமும் மாடன் பசியும் ஒருங்கே நெருக்கும் அந்த வீட்டுக்குள்ளிருந்து கதையைச் சொல்ல வேண்டும். அவள் தப்பிக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கொடுத்த தகப்பனையும் கேட்ட சாமியையும் அவள் நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்கட்டும். அதைத் தமிழில் எழுதுபவருக்கு நெல்லைச் சீமையே கருவூலமாகத் திறந்து கிடக்கிறது.